நினைவு நாளில் யாருடைய பெயர் திரையில் வரவேண்டும்?

ஹட்டன் பக்கத்திலிருந்து ஊடகம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11ஆம் திகதிக்காக, ஓய்வுபெற்ற படைவீரர்களை மதிக்கும் அரைமணி நேரத் தமிழ் நிகழ்ச்சி ஒன்றைச் செய்யும் பொறுப்பு அவருக்கு வந்திருக்கிறது. "போர்ப் படக் காட்சிகள், தேசபக்திப் பாட்டு, ஒரு பெரிய அதிகாரியின் உரை. எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். இதைவிட்டால் வேறு என்ன செய்யலாம், ஐயா? அதோடு, மலையகத்தில் இருக்கிற நமக்கு இதில் என்ன இருக்கிறது?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், தம்பி. அது விளங்கினால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

நான் பிறந்த தோட்டத்தில், பணிய லயத்துக் கடைசிக் காம்பிராவில் "பட்டாளத்துத் தாத்தா" என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் திருகோணமலையில் இராணுவ லொறி ஓட்டியவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அந்தத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டபோது அங்கேதான் இருந்தார். எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்ததையும் நாள்கணக்கில் புகை அடங்காததையும், அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு வாசலில் உட்கார்ந்து சொல்வார். தன்னோடு வேலை செய்து செத்துப்போன மூன்று பேரின் பெயர்களை ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில் சொல்வார். பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு அந்தப் பெயர்கள் பாட்டு மாதிரி மனப்பாடம். இன்று அதில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவரும் நாடற்றவர் ஆனார். பிறகு போட்ட விண்ணப்பமும் திரும்பி வந்தது. ஒரு கடதாசியில் அவருடைய பெயர் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்ததாகச் சொன்னார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போகவேண்டியவர்களில் ஒருவரானார். ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியா போகிறவர்களை அழுகையோடு ஏற்றிப்போன ஒப்பாரிக் கோச்சியில் ஏறியபோது அவருடைய தகரப் பெட்டிக்குள், பழந்துணியில் சுற்றிய ஒரு பதக்கம் இருந்தது. இந்த நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியதே 1979இல்தான். அவர் போய்ப் பல வருடம் கழித்து நான் அந்தத் தொழிலுக்குள் போனேன். அவருடைய குரலை ஒரு நாடாவில்கூட யாரும் பிடித்துவைக்கவில்லை.

மலையகத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் நிகழ்ச்சிக்கு இடங்கள் தேவைப்படும்.

பேராதனைப் பூங்காவுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போயிருப்பீர்கள். 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்கு ஆசியக் கட்டளைத் தலைமையகம் அங்கேதான் வந்து உட்கார்ந்தது. பர்மாப் போர்முனையை நடத்திய கட்டளைப்பீடம், நாம் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் சோற்றுப் பொட்டலம் பிரித்த இடத்தில் இருந்தது. படையினர் கேட்பதற்காக அந்தக் கட்டளைப்பீடம் அமைத்த வானொலியின் ஒலிபரப்புக் கருவி, போர் முடிந்த சில வருடங்களில் இலங்கை அரசின் கைக்கு வந்தது. லயத்துக் காம்பிராக்களில் நாங்கள் கேட்டு வளர்ந்த இலங்கை வானொலியின் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. தியத்தலாவையில் 1900இலிருந்து போயர் யுத்தக் கைதிகள் ஆயிரக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். இன்று அதே ஊரில் இராணுவக் கல்லூரி இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் பென்சன் வாங்கும் சிப்பாய்கள் இருக்கிறார்கள். பண்டாரவளை பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற கிழவர் யாரென்று கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்துரைமாருக்கென்றே ஒரு படை இருந்தது, இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை. 1915இல் துருக்கியின் கலிப்பொலிப் போர்முனையில், அவுஸ்திரேலிய-நியூசிலாந்துப் படைத் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்குக் காவல் நின்றவர்கள் அவர்கள். அது வெள்ளையர் மட்டும் சேரக்கூடிய படை. அவர்கள் யுத்தத்துக்குப் போனபோது தோட்டத்தை நடத்திக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர்கள் யாரென்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை. 1942இல் மலாயா விழுந்ததும் நேச நாடுகளுக்கு றப்பர் கொடுக்க மிஞ்சிய பெரிய இடம் இலங்கைதான். மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையை வெட்டிப் பால் எடுக்கச் சொன்னார்கள். வெட்டிய கைகள் யாருடையவை என்று உங்களுக்கே தெரியும். சீருடை போட்டவரை மதிக்கும் நிகழ்ச்சியில் இதற்கு ஒரு நிமிடமாவது ஒதுக்குவது யாருக்கும் குறைவில்லை.

இப்போது கண்டிக்கு வாருங்கள். கண்டியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 200 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பிரித்தானியர், இலங்கையர், இந்தியர், கிழக்கு ஆபிரிக்கர், கனேடியர். புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டி வைத்திருப்பார்கள். அங்கே உங்கள் கமெராவை வைத்தால் முதலில் ஒன்று கண்ணில் படும்: அதிகாரியின் கல்லும் சிப்பாயின் கல்லும் ஒரே அளவு. 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணைக்குழு வைத்துக்கொண்ட கொள்கை அது. பதவி, இனம், மதம் எதுவும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கல், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர்.

தொலைக்காட்சிக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. நம்முடைய வழக்கமான நினைவு நாள் நிகழ்ச்சியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உயர் அதிகாரிக்குப் பத்து நிமிடம், அறிவிப்பாளருக்கு ஐந்து நிமிடம், பாட்டுக்கு நான்கு நிமிடம், கால் இழந்த சிப்பாய்க்கு நாற்பது வினாடி. அந்த நாற்பது வினாடியிலும் அவர் வாய் அசைகிறது. குரல் கேட்பதில்லை, மேலே சோக இசை ஓடுகிறது. உயிரோடு இருக்கிற மனிதனின் முகத்துக்கு மேல் இழவு வீட்டு இசையைப் போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இளவயதில் நானும் செய்திருக்கிறேன், அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் குறுகுகிறது. அமெரிக்காவில் இரண்டு நாட்களையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். மே மாதக் கடைசித் திங்கள் இறந்தவர்களுக்கு, நவம்பர் 11 பணிசெய்து திரும்பியவர்களுக்கு. நமக்கு அந்தப் பிரிவினை இல்லாததால், எந்த நிமிடம் இறந்தவருக்கு, எந்த நிமிடம் இருப்பவருக்கு என்று தயாரிப்பாளர்தான் பிரித்துத் தரவேண்டும்.

சரி, அந்தச் சமமான கல் என்ற கொள்கை எங்கும் காப்பாற்றப்பட்டதா என்றால், இல்லை. 2019 நவம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. டேவிட் லாமி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போய், முதலாம் உலகப் போரில் செத்த ஆபிரிக்கச் சிப்பாய்களும் சுமைகாரர்களும் எங்கே, அவர்களுக்குக் கல் எங்கே, பெயர் எங்கே என்று கேட்டார். அந்தப் படத்துக்குப் பிறகு ஆணைக்குழு தன் பழைய கோப்புகளைத் தானே கிளற ஒரு விசேட குழுவை அமைத்தது. 2021 ஏப்ரலில் அறிக்கை வந்தது. பெரும்பாலும் ஆபிரிக்கரும் மத்திய கிழக்கு நாட்டவருமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரில்லாமல் அல்லது எந்த நினைவுச் சின்னமும் இல்லாமல் விடப்பட்டிருக்கிறார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. ஆணைக்குழு மன்னிப்புக் கேட்டது.

நூறு வருடம் நடந்த நினைவு அணிவகுப்புகள் எழுப்பாத கேள்வியை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி எழுப்பியது. நினைவு நாளில் நம் தொழில் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது என்று நான் நம்புகிறேன்: விடுபட்ட பெயரைத் தேடிப் போவது.

பெயர் என்றதும் நம் ஆட்களுக்கு வயிற்றில் ஒரு பிசைவு வரும். தோட்டத்துப் பேரேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பெயர். ஓர் எழுத்து மாறியதால் அடையாள அட்டைக்கும் பிரஜாவுரிமைக்கும் சேமலாப நிதிக்கும் வருடக்கணக்கில் அலைந்தவர்கள் எத்தனை பேர். பெயர் பிழைத்தால் மனிதன் என்ன ஆவான் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அதனால்தான் இந்த வேலையை ஒரு மலையகப் பிள்ளை செய்வதில் எனக்குச் சந்தோஷம்.

ஒரு தடவை நான் வேலை செய்த இடத்தில், இராணுவ வைத்தியப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழரைச் செவ்வி கண்டோம். அருமையாகப் பேசினார். ஒளிபரப்பில் அவர் பெயர்ப் பட்டையில் முதலெழுத்தும் ஊரும் பிழையாகப் போய்விட்டன. அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மறுநாள் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி, பழகிப்போச்சு" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அதற்குப் பிறகு, பெயரையும் ஊரையும் அவரவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்காமல் நான் எந்தக் கமெராவையும் திறக்கவிட்டதில்லை.

பேசவைப்பது எப்படி என்று கேட்பீர்கள். முதலாம் உலகப் போரின் அகழிகளில் சண்டையிட்ட ஹரி பேட்ச் என்ற பிரித்தானியச் சிப்பாய் எண்பது வருடம் அந்தப் போரைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. 1998இல், அவருக்கு நூறு வயதாகும்போது, பிபிசி ஆவணப்படம் ஒன்றுக்காக வந்து கேட்டார்கள். அப்போதுதான் பேசத் தொடங்கினார். 2009 ஜூலையில், 111 வயதில் இறக்கும்வரை பேசினார். அவர் பேசியது வீரத்தைப் பற்றியல்ல, செத்துப்போன மூன்று கூட்டாளிகளைப் பற்றி. இதைப் படித்த அன்று எனக்குப் பட்டாளத்துத் தாத்தாவின் நினைவு வந்து, கொஞ்ச நேரம் எழும்பமுடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே அவர் வீட்டுக்குப் போங்கள், கலையகத்துக்குக் கூப்பிடாதீர்கள். காலையில் போங்கள். வயதானவர்களுக்குப் பின்னேரம் களைப்பு வந்துவிடும். முதல் நாள் கமெரா இல்லாமல் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்ற கேள்வி உங்கள் வாயில் வரவே கூடாது. வீட்டைவிட்டுப் போன நாள், முதல் சாப்பாடு, அம்மாவுக்கு எழுதிய கடிதம், லீவில் வந்தபோது நாய் அடையாளம் கண்டதா இல்லையா, இப்படிக் கேளுங்கள். மற்றதை அவர் சொல்ல நினைத்தால் சொல்வார். அவர் பேச்சை நிறுத்தினால் நீங்கள் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000ஆம் ஆண்டிலிருந்து முன்னாள் படைவீரர்களின் கதைகளைச் சேகரித்து வருகிறது. ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ குறைந்தது 30 நிமிடமாவது இருக்கவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. நல்ல நிபந்தனை அது. நீங்கள் நான்கு நிமிடம்தான் ஒளிபரப்பினாலும் ஒரு மணி நேரம் பதிந்து வையுங்கள். ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்குக் கொடுங்கள். நாங்கள் தொழில் செய்த காலத்தில் பழைய நாடாவை அழித்து அதன் மேலேயே புதிய நிகழ்ச்சியைப் பதிவோம். நாடா விலை அப்படி. உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

வெடிச்சத்தம் பற்றி ஒன்று. போரிலிருந்து வந்த பலருக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு தானாகப் பதறும். தீபாவளிப் பட்டாசுக்குக் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருக்கிற மனிதரை எனக்குத் தெரியும். அவரை மதிக்கிறோம் என்று சொல்லும் நிகழ்ச்சியே பீரங்கிச் சத்தத்தோடு தொடங்கினால் அவர் என்ன செய்வார்? எழுந்து தொலைக்காட்சியை அணைப்பார். சண்டைக் காட்சி தேவையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், சத்தத்தைக் குறையுங்கள். போர்ப் படம் போடுவதை நான் முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளின் டிஷ் அன்டனாவில் வரும் தமிழ்நாட்டு அலைவரிசைகளைப் பாருங்கள். ஓகஸ்ட் 15 என்றால் புதுப்படம், பட்டிமன்றம், நடிகரோடு ஒரு சந்திப்பு. இராணுவ வீரனாக நடித்தவர் நாள் முழுக்கப் பேசுகிறார். இராணுவத்தில் இருந்தவரைத் தேடவேண்டியிருக்கிறது.

மௌனத்தையும் மறக்கவேண்டாம். 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அடுத்த வருடம் முதல் இரண்டு நிமிட மௌனம் தொடங்கியது. தொலைக்காட்சியில் இரண்டு நிமிட மௌனம் என்றால் எவ்வளவு நீளம் என்று கட்டுப்பாட்டறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். கை தானாக விசைப்பலகைக்குப் போகும். போகவிடாதீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் கீழே ஓடும் செய்திவரி வேண்டாம், மூலையில் அனுசரணையாளரின் சின்னம் வேண்டாம். கண்டிக் கல்லறையின் புல்லும் காற்றும் மட்டும் போதும். அனுசரணை தருபவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று விற்பனைப் பகுதியினர் சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள், நான் கேட்டபோது ஒருவர் ஒத்துக்கொண்டார்.

பணம் திரட்டும் வேண்டுகோள் சேர்ப்பதென்றால் 1931ஐ நினைவில் வையுங்கள். நவம்பர் 11 நினைவுக்காகப் பொப்பி மலர் விற்ற பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போகிறது, நம் முன்னாள் படைவீரர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்டுத்தான் ஏலியன் பெரேரா சூரிய மல் இயக்கத்தைத் தொடங்கினார். சூரிய மல் என்பது நம்முடைய பூவரசம்பூ. பிறகு இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 1934-35 மலேரியாவின்போது நிவாரணத்துக்கு இறங்கியவர்களும் அவர்களே. பணம் யாருக்குப் போகிறது என்று திரையில் சொல்லுங்கள். அடுத்த வருடம் யாருக்குப் போனது என்றும் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நவம்பர் 11 பழைய போர்களின் நாள், பேசுவது சுலபம். மே மாதம் அப்படியல்ல. மே 18இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சி காய்ச்சி அழுகிறார்கள். மே 19இல் அரசு தன் படைவீரர்களை நினைவுகூர்கிறது. நவம்பர் 27இல், மாவீரர் நாளில், வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் விளக்கேற்றுகிறார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 2009இல் போரின் கடைசி மாதங்களில் செத்தார்கள். நம் லயங்களில் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

இதில் என் நிலைப்பாடு இது. கிராமத்துச் சிங்களச் சிப்பாயும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளை. அவன் இழந்த காலுக்கும் அவன் தாயின் கண்ணீருக்கும் மரியாதை கொடுக்க எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மரியாதை என்ற பெயரில், அந்தப் போரில் செத்த பொதுமக்களைப் பற்றிய கேள்வியை மூடிவைக்கச் சொன்னால் அதற்கு நான் உடன்படமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கைதட்டச் சொல்லும் நிகழ்ச்சி யாரையும் மதிப்பதில்லை, அந்தச் சிப்பாயையும்கூட. இரண்டு தாய்மாரை ஒரே மேசையில் உட்காரவைத்துக் கட்டிப்பிடிக்கச் சொல்வதும் வேண்டாம், அது நாடகம். அநுராதபுரத்துத் தாய் அவள் வீட்டில் இருந்து சிங்களத்தில் பேசட்டும், கீழே தமிழில் போடுங்கள். வன்னித் தாய் தமிழில் பேசட்டும், கீழே சிங்களத்தில் போடுங்கள். ஆளுக்கு ஒரே அளவு நேரம், கண்டிக் கல்லறையின் கற்களைப் போல. மொழிபெயர்ப்பை மட்டும் இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அவசரமாகப் போட்ட உபதலைப்பு கொடுமையான காரியம் செய்துவிடும்.

உங்கள் அரைமணி நேரத்துக்கு மேலே சொன்னதெல்லாம் கொள்ளாது. ஒரு மனிதர், ஒரு கல்லறை, இரண்டு நிமிட மௌனம், கடைசியில் பெயர்களின் பட்டியல். அவ்வளவு போதும். அந்தப் பட்டியலை உருட்டிவிடாமல் ஒவ்வொரு பெயராக நிறுத்தி, வாயால் வாசியுங்கள். கண்டியில் இருக்கும் கிழக்கு ஆபிரிக்கரின் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அதற்கு ஒரு வாரம் பிடித்தாலும் பிடிக்கட்டும். இந்தியச் சிப்பாய்களின் பெயர்களில் தமிழ்ப் பெயர் வந்தால், ஆங்கில எழுத்தில் உள்ளதை அப்படியே படிக்காமல், வீட்டில் அவனை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்துப் படியுங்கள்.

ஒக்டோபர் மழை பிடிக்குமுன் தியத்தலாவைப் பக்கம் ஒரு நடை வாருங்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் தமிழ், ஒருவர் சிங்களம். இருவருக்கும் காது மந்தம், சத்தமாகப் பேசவேண்டும். வரும்போது ஒரு வெள்ளைத் தாளும் தடித்த பேனாவும் கொண்டுவாருங்கள், பெயரை அவர்களே எழுதித் தரட்டும்.